பேனாச்சாமியின் ஏழாவது புத்தகம்

சனிக்கிழமை நாலு மணி அடித்தால் பேனாச்சாமி பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை. மூன்று அறை வைத்த மர அலமாரி. நடு அறையில் சாமியார், பக்கத்து அறையில் பாவி, இரண்டுக்கும் நடுவில் பொடிப்பொடியாக ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் தகடு. பாவி முழங்காலில் நின்று முணுமுணுக்க, சாமியார் காதை மட்டும் கொடுத்துக் கேட்டு, மன்னிப்புச் சொல்லி அனுப்புவார். ஆறு மணிக்கு எழுந்து வருவார். பதினாலு வாரமாகத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ, காக்காய் வரவில்லை.

முன்பெல்லாம் வரிசை வாசற்படி வரைக்கும் நிற்கும். இப்போது யார் வருவார்கள்? 'இன்னைக்குக் காதுல வாங்குவாரு, நாளைக்கு அச்சுல போடுவாரு' என்று அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு முழுக்க ஒரே பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயிலைக் கூட்டித் துடைக்கிற கோயில்பிள்ளை ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"ஏன் சாமி சும்மா உக்காந்து முதுகு நோகுறீங்க? வேணும்னா நான் வந்து ரெண்டு பாவத்தைச் சொல்லவா?"

"உன்கிட்ட என்னய்யா புதுசா இருக்கு?"

"எல்லாம் பழசுதான். புஸ்தகத்துல போடுற அளவுக்கு ஒண்ணும் தேறாது. அதான் தைரியமா வரேங்குறேன்."

சாமியார் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார். அந்த ஆள் வந்து தகட்டுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டால்தான் அவருடைய தங்கை பிழைப்பாள்.

இதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அண்ணனும் தங்கையுமாக இரண்டே பேர். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, காகிதம் இருக்கும். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். பையன் பதினேழு வயதில் சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேர்ந்தான். எட்டு வயது இளைய பெண் நர்ஸ் படிப்புக்குப் போனாள். சாப்பாட்டைக் கொத்திக் கொத்தித் தின்பாள் என்று அவளுக்குச் சின்ன வயதில் குருவி என்று பேர். ஐம்பத்தொரு வயதில் புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், ஆஸ்பத்திரி குடியிருப்பில் தனியாக இருந்தாள். அப்போதும் அண்ணன் வாயில் அவள் குருவிதான்.

பேனாச்சாமி என்ற பேர் முதல் புத்தகத்தோடு வந்தது. தூக்குப் போட்டுச் செத்த ஒரு கொத்தனாரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கச் சொன்னார்கள். இவர் மணியடித்து, பாட்டுப் பாடி, நடுத்தோட்டத்தில் அடக்கம் செய்தார். அதோடு விட்டாரா? அதைப் புத்தகமாகவும் எழுதினார். சாமியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான ஆயர் கூப்பிட்டுக் கண்டித்தார். இரண்டாவது புத்தகம் சாமியார்களின் கார்களைப் பற்றி. மூன்றாவது, கோயிலைக் கழுவுகிற பெண்களுக்குப் பீடத்தில் ஏன் இடமில்லை என்று. நாலு, ஐந்து, ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றல். பாதிப் பேர் அட்டைக்கு மேல் அட்டை போட்டு ஒளித்து வைத்துப் படித்தார்கள். பாதிப் பேர் படிக்காமலே கொளுத்தினார்கள். திட்டுகிறவர்களும் திருமணத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் மனிதர் பிரசங்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டாது.

கடைசியாகப் போட்ட பங்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில். பூசைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அங்கே வேலை பார்க்கிறவர்கள். தங்கையும் அங்கேதான் குழந்தைகள் வார்டில் இருந்தாள். முப்பது வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்ததில் இரண்டு பேருக்கும் அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் ஏழாவது புத்தகத்தை எழுதினார்.

பேர் 'தகட்டுக்கு இந்தப் பக்கம்'. முப்பது வருஷம் பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் புத்தகம். பாவம் செய்தவன் முழங்காலில் நின்று மன்னிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான்; அடிபட்டவளுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், யார் இல்லை என்றது? ஆனால் கேள்வியை மட்டும் எழுதினால் பிரசங்கமாகிவிடும் என்று, உள்ளே கதைகளை வைத்தார். போதாததற்கு முன்னுரையில் ஒரு வரி: 'இதில் வருவதெல்லாம் உண்மை, ஆட்களின் அடையாளத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.' நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது எழுதத் தெரியாது.

நாலாவது அத்தியாயம்தான் வினை. அதற்குப் பின்னால் இருந்த நிஜம் என்ன என்பதைச் சாமியார் சாகிற வரைக்கும் சொல்லமாட்டார், சொல்லக் கூடாது. தகட்டில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே விடக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. கதை சொல்கிறவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அந்தத் தகட்டில் வந்து அழுதார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிற மனிதர். சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போடுகிறவர். அதற்கும் ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கூட்ட நாளில், பெரிய ஜாடி மாறி, ஒரு குழந்தையின் பாட்டிலில் வேறு மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஜாடிகளை எடுத்து வைக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் குழந்தையை வார்டில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலையில் குழந்தை இல்லை. காய்ச்சல் என்று எழுதினார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. 'அம்மா இடுப்புல இருந்துச்சு சாமி. ஒரு கால்ல மட்டும் செருப்பு. இன்னொண்ணைக் காணோம்னு அந்தம்மா கவுண்டருக்குக் கீழே குனிஞ்சு தேடிட்டு இருந்தாங்க. நான் அவசரப்படுத்தினேன்' என்று தகட்டில் தலையை முட்டி முட்டிச் சொன்னார். அந்தத் தாயிடம் போய்ச் சொல் என்றார் சாமியார். போகிறேன் என்றவர் போகவில்லை.

புத்தகத்தில் சாமியார் எல்லாவற்றையும் மாற்றினார். ஆணைப் பெண்ணாக்கினார். கம்பவுண்டரை நர்சாக்கினார். குடிக்கிற மருந்தை ஊசியாக்கினார். ஆனால் அவருக்கு நர்ஸ் என்றால் யாரைத் தெரியும்? உலகத்தில் ஒருத்தியைத்தான் தெரியும். அதனால் அந்த நர்ஸ் பென்சிலைக் கொண்டையில் செருகினாள். ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். நரம்பு கிடைக்காமல் குழந்தை வீறிடும்போது அதன் காதில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேரே வாய்ப்பாட்டு சிஸ்டர்! ஒருத்தரை ஒளித்துவைக்கத் தன் தங்கையின் சேலையை எடுத்துப் போர்த்திவிட்டார், மகாராசன். அச்சுக்குப் போகும் முன் நாலு தடவை படித்தும் அது அவர் கண்ணில் படவில்லை.

இன்னொன்று கண்ணில் பட்டது, பட்டும் விட்டார். அந்த ஒற்றைச் செருப்பு. அதையும் மாற்றியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு தொப்பி, ஒரு பொம்மை, எதையாவது போட்டிருக்கலாம். இரண்டு தடவை அடித்தார், இரண்டு தடவையும் திருப்பி எழுதினார். அந்த வரி அவ்வளவு நன்றாக இருந்தது. குருவுக்குள் இருந்த எழுத்தாளன் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த வரியைப் படித்தாள். படித்த இடத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, பதினொரு வருஷமாக எடுத்து வைத்திருந்த ஒரு குழந்தைச் செருப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலைமை டாக்டரம்மாவின் மேஜைமேல் செருப்பை ஒரு பக்கமும் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்தாள். "என் புள்ளை காய்ச்சல்ல சாகலையாமே? இதுல போட்டிருக்கே" என்றாள்.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அன்றைக்கு அந்தக் குழந்தையின் மருந்தைத் தொட்டவர்கள் என்று பழைய பதிவேட்டிலிருந்து ஐந்து பேர் தேறினார்கள்: டியூட்டி டாக்டர், இரண்டு நர்சுகள், ஒரு ஆயா, கம்பவுண்டர். இரண்டு நர்சுகளில் ஒருத்தி வாய்ப்பாட்டு சிஸ்டர். அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டானே! அவளை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குற்றம் என்று முடிவானால் நர்சுகள் பட்டியலிலிருந்து பேரை அடித்து, போலீசுக்கும் எழுதுவார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

தங்கை அன்று மத்தியானமே சாமியார் வீட்டுக்கு வந்தாள். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. சாமியார் எழுதுகிற மேஜைக்கு எதிரே, புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நின்றாள்.

"அண்ணா, அது நானா?"

"உக்காரு குருவி."

"உக்கார வரலை. அந்தக் குழந்தையை நான் கொன்னேனா? சொல்லுங்க."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைக்காவது உங்ககிட்ட வந்து நான் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கேனா? கூடப்பிறந்தவர்கிட்டச் சொல்ல வெக்கமா இருக்குனு ரெண்டு பஸ் மாறி அடுத்த பங்குக்குத்தானே போறேன்?"

"யார் வந்தாங்க, யார் வரலைங்குறதைக்கூட நான் சொல்லக் கூடாதும்மா."

"பெரிசா ஒண்ணும் கேக்கலை. 'இது என் தங்கச்சி இல்ல'னு ஒரே ஒரு வரி. மத்த நாலு பேரைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்."

"உன்னை இல்லைன்னு சொன்னா, நாளைக்கு ஆயா வருவா. அவளையும் இல்லைனு சொல்லணும். அப்புறம் டாக்டர் வருவார். இப்படி ஒவ்வொருத்தரா கழிச்சுட்டே வந்தா, கடைசியில நான் வாயடைச்சு நிக்கிற இடத்துல யார் நிப்பாங்க?"

அவள் நாலு விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ அந்த நாலு பேர்ல ஒருத்தர்" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லலை!" சாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "சொல்லவே இல்லை. நீ எதையும் கேக்கலை, நான் எதையும் சொல்லலை. சத்தியமா, குருவி, என்கிட்ட இனிமே இதைப் பத்திக் கேக்காதே."

"இவ்வளவு பதறுறீங்களே, எழுதும்போது எங்கே போச்சு இந்தப் பதட்டம்?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கத்தவும் இல்லை. பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி அவர் மேஜைமேல் வைத்தாள். "இதையும் நீங்களே வச்சுக்குங்க, எழுத ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பதினாலு வாரம் அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சாமியார் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. புத்தகத்தில் இருப்பதெல்லாம் நான் கட்டிய கதை, ஒரு வரிகூட உண்மையில்லை என்று கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு புத்தகத்துக்கு ஆயரிடம் வளையாத முதுகு அன்றைக்கு வளைந்தது. டாக்டரம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாம் உண்மைனு இங்கே எழுதியிருக்கீங்க. எல்லாம் பொய்னு இங்கே எழுதியிருக்கீங்க. தங்கச்சி மாட்டினதுக்கு அப்புறம் எழுதினது எதுங்க ஃபாதர்?"

"கதை எழுதுறவன் அப்படித்தான் எழுதுவான்மா."

"அப்போ அந்தச் செருப்பு? அதையும் நீங்களே கட்டினீங்களா?"

சாமியாருக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூலையில் முக்காலியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. கம்பவுண்டரே போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் தெருவில் நிறுத்தி, 'நீ போய்ச் சொல்லேன்யா' என்று கேட்கக் கூடாது. தகட்டுக்குள் கேட்டதை, சொன்ன ஆளிடமே கூட வெளியில் எடுக்கக் கூடாது. அதுவும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்த்தி. அந்த ஆள் மறுபடியும் தகட்டுக்கு வந்தால் மட்டும், உள்ளே வைத்துப் பேசலாம். கெஞ்சலாம், காலில் விழலாம். அதற்குத்தான் சனிக்கிழமை சனிக்கிழமையாக அந்த மர அலமாரிக்குள் காத்துக் கிடந்தார்.

கம்பவுண்டரோ ஞாயிறு தவறாமல் வந்தார். பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வாசகம் வாசித்தார். நற்கருணைக்கு நாக்கை நீட்டினார். சாமியார் அப்பத்தை வைக்கும்போது இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி சந்திக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அந்த மனிதர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று சாமியாருக்குத் தோன்றும். அடுத்த நொடியே, அறை வாங்க வேண்டியவன் யார் என்பதும் தோன்றும்.

பதினைந்தாவது சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை கமிட்டி முடிவு சொல்லும் என்று ஊரெல்லாம் தெரியும். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆயரின் செயலாளர் ஒரு உறையோடு வந்தார். மீசை சரியாக அரும்பாத இளம் சாமியார். உட்காரவே கூசினார்.

"ஃபாதர், உங்க முதல் புஸ்தகத்தைப் படிச்சிட்டுத்தான் நான் குருமடத்துல சேர்ந்தேன்" என்று சொல்லிவிட்டு உறையை நீட்டினார்.

ஐந்தே வரி. பூசை வைக்கலாம். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம், இந்தக் கடிதம் கையில் கிடைத்த நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் நேரமும் போட்டுத் தரவும்.

சாமியார் இரண்டு தடவை படித்தார். "கையெழுத்தை ஆறு மணிக்கு அப்புறம் போடட்டுமா? இன்னைக்கு ஒரு நாள்."

"ஏன் ஃபாதர்? யாராச்சும் வராங்களா?"

வருகிறார்கள் என்றாலும் தப்பு, வரவில்லை என்றாலும் தப்பு. "ஒண்ணுமில்ல" என்றார் சாமியார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் மணி இரண்டு நாற்பது என்று எழுதினார். வந்தவர் கும்பிட்டுவிட்டு, ஓடாத குறையாகப் போனார்.

நாலு மணிக்குக் கால் தானாகக் கோயிலுக்குப் போய்விட்டது. தொட்டிக்குள் போக முடியாது. முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாலு வாரம் வராதவன் இன்றைக்கா வரப்போகிறான் என்று ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. அங்கியின் பையில் அந்த ஊதா நிறக் கழுத்துப் பட்டை மடித்தபடி இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுவது. எடுத்து வைக்க மறந்திருந்தார்.

ஐந்து மணிக்குப் பக்கவாசல் கதவு திறந்தது. கம்பவுண்டர். மேல் பித்தான் திறந்திருந்தது, தலை வாரவில்லை. அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டிக்கு நேராகப் போய், தகட்டுக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்.

"என்னை ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி. ரெண்டு வருஷமாச்சு வந்து..."

ஐயோ, காலியான அலமாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே! சாமியார் பெஞ்சில் இடித்துக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க ஐயா, உள்ளே யாரும் இல்ல."

கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "சரி, உள்ளே போய் உக்காருங்க சாமி."

"இன்னையிலருந்து நான் கேக்கக் கூடாது. ஆயர் எடுத்துட்டாரு. நான் மன்னிப்புச் சொன்னாலும் செல்லாது."

"இன்னையிலருந்தா?"

"ரெண்டு நாப்பதுலருந்து."

கம்பவுண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்து என்ன ஆகப்போகிறது, பாவம். "ரெண்டு மணிக்கே கிளம்பிட்டேன் சாமி. வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினேன்" என்றார்.

சாமியார் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "அடுத்த பங்குல ஆறு மணி வரைக்கும் கேப்பாங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவே போயிடலாம்."

"அவர்கிட்ட முதல்லருந்து சொல்லணுமே சாமி. என்னால ஆகாது. உங்களுக்குன்னா பாதி தெரியும்."

அந்த மனிதரே வாயைத் திறந்து, தொட்டிக்கு வெளியே, 'அந்த மருந்து விஷயம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இவரும் பேசலாம். "என்ன தெரியும் எனக்கு? சொல்லுங்க. எது பாதி தெரியும்?" என்றார்.

கம்பவுண்டர் தொட்டியைக் கையால் காட்டினார்.

சாமியார் கை பைக்குள் போனது. பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? ஆயரா வந்து பார்க்கிறார்? இந்த ஆள் கொட்டித் தீர்ப்பான், திங்கட்கிழமைக்குள் போய்ச் சொல்லு என்று கெஞ்சலாம், குருவி பிழைப்பாள். ஆனால் செல்லாத மன்னிப்பைச் செல்லும் என்று காட்டி ஒருத்தன் வாயிலிருந்து பாவத்தைப் பிடுங்குவதா? விரல் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது, வெளியே எடுக்க முடியவில்லை. எழுதும்போது வராத பயம் இப்போது வந்து தொலைத்தது.

"தொட்டி வேண்டாம். இப்படி உக்காருங்க. மனுஷனுக்கு மனுஷன் பேசுவோம். எனக்கும் யாராச்சும் பேசினா தேவலைன்னு இருக்கு" என்றார்.

கம்பவுண்டர் அந்தப் பெஞ்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"தகட்டுக்குள்ளன்னா நீங்க சாமி. வெளியில நீங்க புஸ்தகம் எழுதுறவர். எப்படிங்க சொல்ல முடியும்?"

மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு, பீடத்தைப் பார்த்து முழங்காலிட்டு எழுந்து, வந்த கதவு வழியாகவே போய்விட்டார். பின்னால் ஓட வேண்டும் என்று சாமியாருக்கு இருந்தது. ஓடிப் பிடித்து என்ன சொல்வது? சொல்லலாம் என்று அனுமதித்த ஒரு வார்த்தைகூட அவரிடம் இல்லை.

கதவு மறுபடி திறந்தபோது ஓடிப்போய் நின்றார். வந்தது தங்கை. பதினாலு வாரத்தில் முகம் சுருங்கி, யூனிபாரம் இல்லாமல், யாரோ மாதிரி இருந்தாள்.

"கம்பவுண்டர் எதுக்கு வந்துட்டுப் போறாரு? படியில கும்பிட்டாரு, ஆளே சரியில்ல" என்றாள்.

சாமியார் பெஞ்சைத் துடைத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"சொல்லமாட்டீங்க. தெரிஞ்ச கதைதானே." அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். "சண்டை போட வரலைண்ணா. திங்கக்கிழமை நீங்க ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துராதீங்கனு சொல்லத்தான் வந்தேன். உங்களைப் பாத்தா எனக்கு அழுகை வந்துரும். அவங்க முன்னாடி அழ எனக்கு இஷ்டமில்ல."

"சரிம்மா."

"நேத்து அஞ்சு பேரையும் கடைசியா கூப்பிட்டாங்க. டாக்டர் ஞாபகமில்லைன்னுட்டாரு. ஆயா அன்னைக்கு லீவுன்னா. கூட இருந்த நர்ஸ் என் முகத்தையே பாக்கலை. அந்த மனுஷன் ஒருத்தர்தான் எழுந்து நின்னு, 'இந்தம்மா மேல பழி போடாதீங்க, இவங்க செஞ்சிருக்க மாட்டாங்க'னு சொன்னாரு. கை அப்படி நடுங்குச்சு. எனக்காக இவ்வளவு நடுங்குறாரேன்னு எனக்கே தாங்கலை."

சாமியார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப்பிறந்தவர் நீங்க. உங்க வாயில வராத ஒரு வார்த்தை அவர் வாயில வந்துச்சு. செத்தாலும் மறக்கமாட்டேன்" என்றாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "அவருக்காக ஒரு பூசை வைங்கண்ணா. அதாவது செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"வைக்கிறேம்மா" என்றார் பேனாச்சாமி.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிப் பூசையை அந்த மனிதரின் நலனுக்கென்று ஒப்புக்கொடுத்தார். தங்கை முன்வரிசையில் முழங்காலில் நின்று அவருக்காக மனமுருகி வேண்டினாள். பதினொரு மணிக்கு நர்சுகள் பட்டியலிலிருந்து அவள் பேரை அடித்தார்கள்.